பழைய கணினி அடம்பிடிக்கும்போது: சிபி/எம், டாஸ், மேக், அமிகா, விண்டோஸ் 3.1 பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

பரணிலிருந்து இறக்கிய, 386 சிப் உள்ள பிசியாக இருக்கலாம், மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய கணினி போல நடிக்கும் மென்பொருள்) வழியாக ஓடும் டாஸ் ஆக இருக்கலாம். 1970களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த தனிநபர் கணினி இயங்குதளங்கள் பழுதாகும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அது பிடிபட்டுவிட்டால், பிழைச்செய்தி எவ்வளவு மொட்டையாக இருந்தாலும் காரணத்தைத் தேடிப் பிடித்துவிடலாம்.

இவை எதையும் சரிபார்ப்பதில்லை, நம்புகின்றன. அதுதான் அந்த ஒழுங்கு. சற்றுமுன் டிரைவில் இருந்த ஃப்ளாப்பிதான் இப்போதும் இருக்கிறது என்று நம்பும். புரோகிராம் தனக்கு ஒதுக்கிய மெமரிக்குள்தான் எழுதும் என்று நம்பும். கோப்பு முழுதாக எழுதி முடித்த பிறகுதான் நீங்கள் ஸ்விட்சை அணைப்பீர்கள் என்று நம்பும். சரிபார்க்க அன்று மெமரியும் இல்லை, நேரமும் இல்லை. கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய, டாஸுக்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம்மின் 2.2 பதிப்பில், கட்டளையை வாங்கும் பகுதியும் கோப்புகளைக் கவனிக்கும் பகுதியும் சேர்ந்தே 5.5 கே (கிலோபைட்) தான். அவ்வளவு சிறிதாக இருந்ததால்தான் 64 கே கணினியில் ஏறக்குறைய எல்லா இடத்தையும் புரோகிராமுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. இது பெரிய பலம். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தப் பலத்துக்குக் கொடுத்த விலை.

ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: கணினி இப்போது எதை நம்பிக்கொண்டிருக்கிறது, உண்மையில் என்ன இருக்கிறது? கட்டளைகளையும் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கை வைக்கும் முன்

டிஸ்க்கில் எழுத முடியாதபடி பூட்டுங்கள். பிறகு முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து (அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து), அந்த நகலில் மட்டும் வேலை பாருங்கள். பூட்டும் முறையில் கவனம் தேவை. 5.25 அங்குல ஃப்ளாப்பியில் ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால் பூட்டு. 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால்தான் பூட்டு. 8 அங்குலத்திலும் வெட்டு திறந்திருந்தால் பூட்டு, மூடினால் எழுதலாம். ஒன்றின் பழக்கத்தில் இன்னொன்றைத் தொட்டால், இருக்கிற ஒரே பிரதியும் போய்விடும்.

ஐடிஇ ஹார்ட் டிஸ்க் என்றால் கழற்றி, அடாப்டர் வழியாக லினக்ஸ் கணினியில் செருகி டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு இமேஜ் எடுக்கலாம். அதற்கும் முன்பு மதர்போர்டைத் திறந்து பாருங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகியிருந்தால் உடனே அகற்றி, ஒழுகிய இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். அதைச் செய்யாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: “நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்”

முதலில் ஏ டிரைவைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஃப்ளாப்பி மறந்து கிடந்தால் எடுத்துவிட்டு ஒரு விசையைத் தட்டுங்கள். பல சமயம் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

ஃப்ளாப்பி இல்லை, ஹார்ட் டிஸ்க்கே இப்படிச் சொல்கிறது என்றால், ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற இரண்டு மறைவுக் கோப்புகளில் கோளாறு. ஐபிஎம் தந்த பிசி-டாஸில் இவற்றின் பெயர் ஐபிஎம்பயோ.காம், ஐபிஎம்டாஸ்.காம். டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் சின்ன நிரலுக்கு அடைவு முழுவதும் தேட இடம் கிடையாது. முதல் இரண்டு பதிவுகளாக இவை இருக்கும் என்று நம்பி அங்கே மட்டும் பார்க்கும். அதனால் காப்பி கட்டளையில் இந்தக் கோப்புகளை நகலெடுத்துப் போட்டால் பலனில்லை. அதே பதிப்பு டாஸ் உள்ள ஃப்ளாப்பியில் பூட் செய்து (கணினியை அதிலிருந்து தொடங்கி), “சிஸ் சி:” என்று கொடுங்கள். அது கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, பூட் செக்டரையும் புதிதாக எழுதும்.

“பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்பிரிட்டர்” என்று வந்தால் கமாண்ட்.காம் காணோம், அல்லது வேறு பதிப்பின் கமாண்ட்.காம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 5.0 டாஸில் 6.22-இன் கமாண்ட்.காம் ஓடாது. சரியான பதிப்பை நகலெடுத்தால் போதும்.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு. பெரிய புரோகிராமை விட்டு வெளியே வரும்போது “கமாண்ட்.காம் உள்ள டிஸ்க்கை ஏ டிரைவில் போடு” என்று டாஸ் கேட்கும். பழுது ஒன்றும் இல்லை. புரோகிராமுக்கு இடம் வேண்டும் என்பதற்காக டாஸ் தன் கட்டளைப் பகுதியில் பாதியைப் பலிகொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் டிஸ்க்கிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளும். சிபி/எம்மிடமிருந்து வந்த பழக்கம் இது. ஹார்ட் டிஸ்க் இருந்தால், தொடங்கும்போது டாஸ் படிக்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் “செட் காம்ஸ்பெக்” வரியைச் சேர்த்து சி டிரைவில் உள்ள கமாண்ட்.காமின் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள், ஃப்ளாப்பி கேட்பது நின்றுவிடும்.

அறிகுறி: சி டிரைவே இல்லை என்கிறது, தேதி 1980 காட்டுகிறது

இரண்டும் சேர்ந்து வந்தால் பேட்டரிதான். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியிலிருந்து, எந்த வகை ஹார்ட் டிஸ்க் என்ற விவரம் பேட்டரியில் ஓடும் சின்ன சிமாஸ் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் விவரம் போச்சு, டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க்கில் உள்ள தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பதற வேண்டாம். செட்டப்பில் நுழைந்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் பார்த்து அப்படியே கொடுங்கள். எண்களை ஊகித்துக் கொடுத்துவிட்டு டிஸ்க்கில் எழுதும் வேலை எதையும் செய்யாதீர்கள். தவறான அளவோடு எழுதினால் அப்போதுதான் உண்மையிலேயே தரவு போகும்.

1980 ஏன் என்றால், டாஸ் கோப்புமுறை காலத்தை எண்ணத் தொடங்குவதே 1980 ஜனவரி 1-இலிருந்து. கடிகாரம் இல்லாத எக்ஸ்டி கணினிகள் ஒவ்வொரு முறையும் அந்தத் தேதியைக் காட்டிவிட்டுச் சரியான தேதியைக் கேட்கும். 2000-க்குப் பிறகு 1980 ஜனவரி 4 என்று காட்டும் ஏடி வகைக் கணினிகளும் உண்டு. நூற்றாண்டு மாறியதை அவற்றின் பயாஸ் (மதர்போர்டில் உறைந்திருக்கும் தொடக்க நிரல்) அறியவில்லை. “டேட்” கட்டளையில் சரியான ஆண்டைக் கொடுத்தால் டாஸ் ஏற்றுக்கொள்ளும். அதன் தேதிக் கணக்கில் 2107 வரை இடம் இருக்கிறது.

அறிகுறி: 8 எம்பி ரேம் இருந்தும் “புரோகிராம் டூ பிக் டு ஃபிட் இன் மெமரி”

டாஸை வைத்திருந்த எல்லோரையும் ஒருமுறையாவது வாட்டிய பிழை. பொறுமையாகப் பார்ப்போம்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப் 1 எம்பி வரைதான் முகவரியிட முடியும். அதில் மேல் 384 கேயைத் திரை நினைவகத்துக்கும், படிக்க மட்டும் முடிகிற ரோம் நினைவகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கீழ் 640 கேயைப் புரோகிராம்களுக்குத் தந்தார்கள். அந்தக் கணினியின் அடிப்படை மாடல் 16 கே ரேமோடு விற்ற காலம் அது, 640 கே தாராளமாகத் தெரிந்தது. பிறகு 286, 386 என்று சிப்கள் வளர்ந்தன, ஆனால் டாஸ் புரோகிராம்கள் அந்த முதல் வரைபடத்தையே நம்பி எழுதப்பட்டவை. உங்களிடம் எத்தனை எம்பி இருந்தாலும், சாதாரண டாஸ் புரோகிராமுக்குக் கணக்கு அந்த 640 கேயில்தான். அதிலும் டாஸ், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், டிஸ்க் கேஷ் (டிஸ்க் தரவை மெமரியில் வைத்து வேகம் கூட்டுவது) எல்லாம் முன்பே இடம் பிடித்திருக்கும்.

“மெம் /சி” என்று தட்டுங்கள். யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். கடைசியில் வரும் “லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் புரோகிராம் சைஸ்” என்ற எண்தான் முக்கியம். புரோகிராம் கேட்பது 580 கே, அங்கே இருப்பது 520 கே என்றால் 60 கேயைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

386-ம், டாஸ் 5.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் இருந்தால், தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ்ஸில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் “டிவைஸ்=” வரியில் ஹைமெம்.சிஸ். அடுத்த “டிவைஸ்=” வரியில் இஎம்எம்386.எக்ஸ்இ, அதோடு “நோஇஎம்எஸ்” என்ற சொல். பிறகு “டாஸ்=ஹை,யுஎம்பி”. ஹைமெம் முந்தி வர வேண்டும், இல்லாவிட்டால் இஎம்எம்386 ஏறாது. இப்போது டாஸின் பெரும்பகுதி 1 எம்பி எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் 64 கே இடத்துக்குப் போய்விடும். மற்ற டிரைவர்களை “டிவைஸ்ஹை” என்றும், ஆட்டோஎக்ஸெக்கில் உள்ளவற்றை “எல்ஹெச்” என்றும் மாற்றினால் அவை 640 கேக்கு மேலே உள்ள காலி இடுக்குகளில் உட்காரும். பெரிய டிரைவரை முதலில் ஏற்றுங்கள், சிறியவை மிச்ச இடத்தில் நுழைந்துகொள்ளும். டாஸ் 6-இல் இந்த வேலையை மெம்மேக்கர் தானாகச் செய்யும், ஓரளவு நன்றாகவே செய்யும். 286-இல் ஹைமெம் மட்டும் உதவும். 8088-இல் இரண்டுமே உதவாது, டிரைவர்களைக் குறைப்பதுதான் வழி.

புரோகிராம் “எக்ஸ்பாண்டட் மெமரி” வேண்டும் என்று கேட்டால், “நோஇஎம்எஸ்” இருக்கும் இடத்தில் “ரேம்” என்ற சொல்லை மாற்றிப் போடுங்கள். லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 1985-இல் வகுத்த முறை அது. மேல் பகுதியில் 64 கே ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதன் வழியாக வெளி மெமரியைத் துண்டு துண்டாகக் காட்டும். அந்த ஜன்னல் 64 கேயை விழுங்குவதால், கேட்காத புரோகிராமுக்கு அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது. இஎம்எம்386 ஏறியிருந்தால் ஓட மாட்டேன் என்று சொல்லும் விளையாட்டுகளும் உண்டு. டாஸ் 6 இருந்தால் கான்ஃபிக்.சிஸ்ஸிலேயே மெனு அமைத்து, பூட் ஆகும்போது தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடலாம்.

பூட் நடுவில் நின்றுபோனால், டாஸ் 6-இல் “ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்” என்று வரும் நொடியில் எஃப்8 தட்டுங்கள். ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கேட்டு ஏற்றும், எந்த வரியில் தொங்குகிறதோ அந்த டிரைவர்தான் குற்றவாளி. எஃப்5 எல்லாவற்றையும் தாண்டிவிடும். இந்த வெளிப்படைத்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மொத்த அமைப்பும் இரண்டு உரைக் கோப்புகளில் இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது, கையால் திருத்த முடிகிறது.

எல்லாம் சரிசெய்து ஏராளமாக இடம் கிடைத்த பிறகு “பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்” என்று ஒரு புரோகிராம் சொல்லலாம். கோப்பு கெடவில்லை. சில சுருக்கப்பட்ட புரோகிராம்கள் முதல் 64 கேக்குள் ஏற்றப்படவே மாட்டோம் என்று நம்பி எழுதப்பட்டவை. அந்த இடத்தை டாஸ் எப்போதும் அடைத்திருந்தது. நீங்கள் டாஸை மேலே அனுப்பியதும் அந்த இடம் காலியாகி, புரோகிராம் அங்கே ஏறித் தடுமாறுகிறது. புரோகிராம் பெயருக்கு முன் “லோட்ஃபிக்ஸ்” என்று சேர்த்து ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: ஒரு கணினியில் படிக்கும் ஃப்ளாப்பி இன்னொன்றில் படிக்கவில்லை

360 கே ஃப்ளாப்பியை 1.2 எம்பி டிரைவில் எழுதிவிட்டுப் பழைய 360 கே டிரைவில் போட்டால் “ஜெனரல் ஃபெயிலியர் ரீடிங் டிரைவ் ஏ” வருவது சகஜம். 1.2 எம்பி டிரைவின் ஹெட் குறுகலானது. அகலமான காவிப் பட்டையின் நடுவே மெல்லிய கோல இழை இழுத்தது போல, பழைய அகலத் தடத்தின் நடுவில் மட்டும் எழுதும். பழைய டிரைவின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். 1.2 எம்பி டிரைவிலேயே திரும்பப் போட்டுப் படித்து, உள்ளடக்கத்தை வேறு வழியில் மாற்றுங்கள். 360 கே கணினிக்குக் கொடுக்க வேண்டியதை 360 கே டிரைவிலேயே எழுதுங்கள்.

3.5 அங்குலத்தில் கதை வேறு. 1.44 எம்பி ஃப்ளாப்பியை யாரோ பழைய கணினியில் 720 கேயாக ஃபார்மேட் செய்திருப்பார்கள். புதிய டிரைவ் ஓரத்துத் துளையைப் பார்த்து இது 1.44 என்று முடிவுசெய்யும், படிக்க முடியாமல் திணறும். துளையை ஒளி புகாத டேப்பால் மூடிவிட்டுப் போட்டால் படிக்கும்.

மேக்கின் 400 கே, 800 கே ஃப்ளாப்பிகளைப் பிசி டிரைவ் எதுவும் படிக்காது. தடத்துக்குத் தடம் சுழலும் வேகத்தையே மாற்றி எழுதியவை அவை. அமிகாவின் 880 கேயும் பிசியில் வராது. கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்வதால் அவற்றை நாடலாம். சிபி/எம்மில் 8 அங்குலத்துக்கு ஐபிஎம் வகுத்த ஒரு பொது வடிவம் இருந்தது. 5.25-க்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆஸ்போர்ன் கணினி ஒரு மாதிரி, கேப்ரோ கணினி ஒரு மாதிரி எழுதியது. டாஸில் 22டிஸ்க், லினக்ஸில் சிபிஎம்டூல்ஸ் இவற்றில் பலவற்றைப் புரிந்துகொள்ளும்.

அறிகுறி: சிபி/எம்மில் “பிடாஸ் எரர் ஆன் பி: ஆர்/ஓ”

ஃப்ளாப்பி பூட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றும், அப்படியல்ல. நீங்கள் ஃப்ளாப்பியை மாற்றிவிட்டீர்கள், சிபி/எம் அதன் அடைவை எடுத்துப் பார்த்து, நினைவில் வைத்த கூட்டுத்தொகையோடு பொருந்தவில்லை என்று கண்டுகொண்டது. பழைய டிஸ்க்கின் கணக்கில் புதிய டிஸ்க்கில் எழுதினால் எல்லாம் நாசமாகும் என்பதால் எழுத மறுக்கிறது. 5.5 கேக்குள் இவ்வளவு எச்சரிக்கையை வைத்திருந்தார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம். டிஸ்க் மாற்றியதும் கட்டளை வரியில் கன்ட்ரோல்-சி தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இது வராது.

கஷ்டம் என்னவென்றால், புரோகிராமின் நடுவில் இது வந்தால் எந்த விசையைத் தட்டினாலும் புரோகிராம் போய்க் கட்டளை வரி வந்துவிடும். சேமிக்காத வேலை போனதாகத்தான் தோன்றும். இங்கே ஒரு மீட்பு வழி இருக்கிறது. வெளியே வந்தாலும் சிபி/எம் மெமரியைத் துடைப்பதில்லை, உங்கள் புரோகிராமும் தரவும் அங்கேயே இருக்கும். வேறு எந்தப் புரோகிராமையும் ஓட்டாமல் “சேவ் 0 கோ.காம்” என்று தட்டுங்கள். அளவே இல்லாத ஒரு புரோகிராம் கோப்பு உருவாகும். பிறகு “கோ” என்று தட்டினால், ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் சிபி/எம் நேராகப் புரோகிராம் தொடங்கும் முகவரிக்குத் தாவும், அங்கே உங்கள் பழைய புரோகிராமே இருக்கும். தொடங்கும்போது தன் தரவைத் தானே அழித்துக்கொள்ளாத புரோகிராமாக இருந்தால் வேலை திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பில்லாத மெமரி என்று குறை சொல்கிறோமே, அதே குணம் இங்கே கைகொடுக்கிறது.

டாஸில் இதற்கு இணையான இடம் “அபார்ட், ரிட்ரை, ஃபெயில்”. எழுதும் வேலையின் நடுவே இந்தக் கேள்வி வந்தால் வேறு ஃப்ளாப்பியைப் போட்டு ரிட்ரை கொடுக்கவே கூடாது. பழைய டிஸ்க்கின் ஃபேட் அட்டவணை (எந்தக் கோப்பு எந்தத் துண்டுகளில் இருக்கிறது என்ற குறிப்பு) புதிய டிஸ்க்கின் மேல் எழுதப்படலாம். டாஸ் 4.0-இலிருந்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வரிசை எண் வந்ததால் ஆபத்து குறைந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் ஃபார்மேட் செய்த டிஸ்க்குகளில் அந்த எண்ணே இல்லை.

அறிகுறி: கோப்பின் அளவு சுழியம், ஆனால் டிஸ்க்கில் இடம் குறைந்திருக்கிறது

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கும். ஃபேட் முறையில் தரவு முதலில் எழுதப்பட்டு, அடைவில் அளவும் தொடக்க இடமும் கோப்பை மூடும்போதுதான் பதிவாகும். இடையில் நின்றால் தரவு இருக்கும், அதைச் சுட்டும் பதிவு இருக்காது. “செக்டிஸ்க்” (CHKDSK) என்று மட்டும் கொடுத்தால் பிழைகளைச் சொல்லும், திருத்தாது. நகலில் “செக்டிஸ்க் /எஃப்” கொடுங்கள். அநாதைச் சங்கிலிகளை ஃபைல்0000.செக் என்ற பெயர்களில் மீட்டுத் தரும், உரைக் கோப்பு என்றால் திறந்து படித்துவிடலாம். “கிராஸ்-லிங்க்டு” என்று வந்தால் இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைச் சொந்தம் கொண்டாடுகின்றன. இரண்டையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, எது நல்லது என்று பார்த்து, பிறகு மூலத்தில் இரண்டையும் அழியுங்கள். ஒன்று நிச்சயம் கெட்டிருக்கும்.

டாஸ் 6.0-இல் ஸ்மார்ட்டிரைவ் என்ற டிஸ்க் கேஷ் எழுதுவதைத் தள்ளிப்போட்டு வேகம் காட்டியது, கட்டளை வரி வந்த பிறகும் டிஸ்க்கில் எழுத மிச்சம் இருக்கும். 6.2-இல் அந்தப் போக்கை மாற்றினார்கள். 6.0 வைத்திருந்தால், அணைக்கும் முன் “ஸ்மார்ட்டிரைவ் /சி” (SMARTDRV /C) கொடுப்பது நல்லது.

தவறி அழித்த கோப்பு என்றால் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். டாஸ் கோப்பை அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்தை மாற்றி, ஃபேட் சங்கிலியைக் காலி என்று குறிக்கிறது, தரவைத் தொடுவதில்லை. அதனால்தான் 5.0-இல் வந்த “அன்டெலிட்” உங்களிடம் முதல் எழுத்தைக் கேட்கிறது. கோப்பு சிதறாமல் ஒரே தொடராக இருந்திருந்தால் முழுதாகக் கிடைக்கும்.

அறிகுறி: மொத்த மெமரி 655360-க்குக் குறைவாகக் காட்டுகிறது

640 கே கணினியில் செக்டிஸ்க் மொத்த மெமரியை 655360 பைட் என்று காட்ட வேண்டும். 654336 என்றால் பெரும்பாலும் பயாஸ் தன் உபயோகத்துக்கு 1 கே எடுத்திருக்கிறது, கவலை இல்லை. 653312 என்றால் ஸ்டோன்டு போன்ற பூட் செக்டர் வைரஸைச் சந்தேகியுங்கள். அது மேலிருந்து 2 கேயைத் திருடி அங்கே ஒளிந்துகொள்ளும். பிசி உலகின் முதல் வைரஸ் எனப்படும் பிரெய்ன் 1986-இல் லாகூரில் பிறந்தது. 1990-இல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஜோஷி, ஜனவரி 5 அன்று பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச் சொல்லிக் கணினியை நிறுத்தி வைக்கும்.

பூட் செக்டரில் என்ன இருந்தாலும் கேள்வி கேட்காமல் பயாஸ் ஓட்டியது, அதுதான் வைரஸ் நுழைந்த வழி. பூட்டப்பட்ட, சுத்தமான டாஸ் ஃப்ளாப்பியில் பூட் செய்யுங்கள். சி டிரைவின் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டு “சிஸ் சி:”, பிறகு “எஃப்டிஸ்க் /எம்பிஆர்” கொடுங்கள். கோப்புகள் தெரியவில்லை என்றால் எஃப்டிஸ்க்கைத் தொடாதீர்கள். சில வைரஸ்கள் பார்ட்டிஷன் அட்டவணையையே எடுத்து வேறிடத்தில் வைத்திருக்கும்.

அறிகுறி: “ரன்டைம் எரர் 200”

டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் தொடங்கிய உடனே இப்படிச் செத்தால், கணினி வேகம் அதிகம் என்று பொருள். அந்த மொழியின் சிஆர்டி பகுதி, கணினியின் வேகத்தை அளந்து 55-ஆல் வகுக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய சிப்களில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. புரோகிராம் கோப்பைத் திருத்தும் பேட்ச் உண்டு. டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் என்றால் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள் எண்ணைக் குறைத்தால் போதும்.

அறிகுறி: மேக்கில் குண்டுப் படம், அமிகாவில் சிவப்புக் கட்டம்

இரண்டும் மோட்டரோலா 68000 குடும்பம், இரண்டிலும் ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியில் எழுதுவதைத் தடுக்க ஏற்பாடு இல்லை. 1985-இல் வந்த அமிகா, புரோகிராம்களின் தயவை எதிர்பார்க்காமல் நேரத்தைத் தானே பங்கிட்டுப் பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டியது. அந்தக் காலத்துக்கு அது பெரும் சாதனை. ஆனால் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

அமிகாவின் சிவப்புக் கட்டத்தில் வரும் “குரு மெடிடேஷன்” எண்ணில் முற்பாதிதான் காரணம், பிற்பாதி பெரும்பாலும் அப்போது ஓடிய வேலையின் விவரம் இருக்கும் மெமரி முகவரி. முற்பாதியின் கடைசி இலக்கம் 3 என்றால் முகவரிப் பிழை, 4 என்றால் சிப் அறியாத கட்டளை. இரண்டும் பெரும்பாலும் புரோகிராமின் தவறு. 81000005 என்றால் மெமரிப் பட்டியல் கெட்டுப்போயிருக்கிறது, ஏற்கெனவே ஓடிய வேறொரு புரோகிராமும் காரணமாக இருக்கலாம். எல்லாப் புரோகிராம்களிலும் 3-ம் 4-ம் மாறி மாறி வந்தால் ரேம் சிப்பைச் சோதியுங்கள்.

மேக்கின் குண்டுப் படத்தில் வரும் ஐடி எண்களும் இதே வரிசைதான், ஒன்று குறைவாக இருக்கும்: 2 முகவரிப் பிழை, 3 அறியாத கட்டளை. 25-ம் 28-ம் மெமரி போதாமை. புரோகிராமை மூடிவிட்டு அதன் ஐகானைத் தேர்ந்தெடுத்து, “கெட் இன்ஃபோ”வில் மெமரி அளவைக் கூட்டுங்கள். புரோகிராமுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மனிதர் கையால் எழுதிவைக்கும் முறை அங்கே இருந்தது. தொடங்கும்போதே குண்டு வந்தால், மேக் இயங்குதளத்தின் சிஸ்டம் 7 பதிப்பில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே பூட் செய்யுங்கள். சரியாகத் தொடங்கினால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் (தொடங்கும்போது ஏறும் கூடுதல் நிரல்) காரணம். பாதியை வெளியே எடுத்து, பாதியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால் சீக்கிரம் பிடிபடும்.

மேக்கில் ரேம் 16 எம்பி போட்டும் 8 எம்பிக்கு மேல் பயன்படவில்லை என்றால், மெமரி கன்ட்ரோல் பேனலில் 32-பிட் முகவரியை இயக்குங்கள். எஸ்இ/30, IIசிஎக்ஸ் போன்ற மேக்குகளின் ரோமில் பழைய முறை உறைந்திருப்பதால் மோட்32 என்ற இணைப்பும் தேவை. முதல் மேக்கில் முகவரியின் 24 பிட்தான் வெளியே போனது, மீதி 8 பிட்டை வீணாக்காமல் குறிப்புகள் வைக்கப் பயன்படுத்தினார்கள். 128 கே ரேமில் ஒரு பைட்டைக்கூட விட மனமில்லாத காலத்து முடிவு அது.

அறிகுறி: விண்டோஸ் 3.1-இல் ரேம் காலியாக இருந்தும் “அவுட் ஆஃப் மெமரி”

புரோகிராம் மேனேஜரில் ஹெல்ப், அபவுட் போய் “சிஸ்டம் ரிசோர்சஸ்” சதவீதத்தைப் பாருங்கள். ஜன்னல்கள், மெனுக்கள், தூரிகைகள், எழுத்துருக்கள் பற்றிய விவரங்களை வைக்க 64 கே அளவுள்ள சில சிறு கிடங்குகள்தான் உண்டு. அவை நிரம்பினால் 16 எம்பி சும்மா இருந்தும் பயனில்லை. பயன்படுத்தாத குரூப்களையும் எழுத்துருக்களையும் குறையுங்கள். சில புரோகிராம்கள் மூடிய பிறகும் எடுத்ததைத் திருப்பித் தராது, அப்போது விண்டோஸை விட்டு வெளியேறித் திரும்ப வருவதுதான் வழி. விண்டோஸே தொடங்காவிட்டால் “வின் /டி:எக்ஸ்” முயலுங்கள். அது ஓடினால், மேல் மெமரியில் ஏதோ கார்டோடு மோதல்.

அறிகுறி: கோப்பு திறக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்

இது வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளின் கோப்பு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், எட்டாவது பிட் சும்மா இருக்கிறது என்று, சொல்லின் கடைசி எழுத்தில் அந்தப் பிட்டை அடையாளமாக வைத்தார்கள். அதை நீக்கினால் உரை தெளிவாகிவிடும். சிபி/எம்மில் பிப் கட்டளையின் இசட் தெரிவு இதைச் செய்யும். இன்றைய கணினியில் ஒவ்வொரு பைட்டிலும் மேல் பிட்டை அழிக்கும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதும். கோப்பின் கடைசியில் கன்ட்ரோல்-இசட் குறிகள் வரிசையாக இருந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள். சிபி/எம் கோப்பின் அளவை 128 பைட் துண்டுகளாகத்தான் எண்ணியது, உரை எங்கே முடிகிறது என்று சொல்ல அந்தக் குறி தேவைப்பட்டது.

தமிழ்க் கோப்புகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். டாஸ் காலத்து இஸ்கி குறிமுறை, இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் அந்த எட்டாவது பிட் உள்ள மேல் 128 இடங்களில்தான் வைத்திருக்கிறது. பிட்டை நீக்கினால் மொத்த உரையும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து முதலில் எண்ணிப் பாருங்கள். மேல் பிட் உள்ள பைட்டுகள் சொல்லின் கடைசியிலும் வரி முடிவிலும் மட்டும் இருந்தால் வேர்ட்ஸ்டார். தொடர்ச்சியாக எங்கும் இருந்தால் தமிழாக இருக்க வாய்ப்பு அதிகம். கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு இஸ்கி, டிஸ்கி, டாப் என்று ஒவ்வொரு குறிமுறையாக மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிப் பாருங்கள்.